தங்கத் துகள் முதல் கிராபீன் வரை: சுவாச வைரஸ்களை அறியும் நானோ உணரிகள்

உயிரி உணரி என்பது இரண்டு பகுதிகள் சேர்ந்த கருவி. ஒரு பகுதி தேடும் பொருளை மட்டும் இனங்கண்டு பற்றிக்கொள்ளும். மற்றொரு பகுதி அந்தப் பற்றுதலை நிறமாகவோ ஒளியாகவோ மின்னோட்டமாகவோ மாற்றிக் காட்டும். பற்றும் வேலைக்கு ஆன்டிபாடி, நொதி, டிஎன்ஏ இழை போன்ற உயிர் மூலக்கூறுகள் பயன்படுகின்றன. 1962-இல் அமெரிக்காவில் லீலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் குளுக்கோஸை அளப்பதற்காக ஒரு நொதியை மின்முனையின் மேல் நிறுத்திவைத்த ஏற்பாடு இவ்வகைக் கருவிகளின் தொடக்கம். சர்க்கரை நோயாளிகள் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் அளவு பார்க்கும் குளுக்கோமீட்டர் அதன் வழிவந்தது. சுவாச வைரஸ்களைக் கண்டறியும் நானோ உணரிகளிலும் இதே இரண்டு பகுதிகள்தான் இருக்கின்றன. வேறுபாடு, சைகையை உண்டாக்கும் பொருள் நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்திருப்பதில் இருக்கிறது.

ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஜலதோஷத்தை உண்டாக்கும் ரைனோவைரஸ் சுமார் 30 நானோமீட்டர் குறுக்களவு கொண்டது. இன்புளுயன்சா வைரஸ் 80 முதல் 120 வரை. கோவிட்-19 நோயைத் தரும் சார்ஸ்-கோவி-2 ஏறத்தாழ 100. சாதாரண ஒளி நுண்ணோக்கியால் 200 நானோமீட்டருக்குக் குறைந்த பொருள்களைப் பிரித்துப் பார்க்க முடியாது. எனவே வைரஸை நேரில் பார்த்து நோயை உறுதிசெய்யும் வழி மருத்துவமனைகளில் இல்லை. வைரஸின் மரபுப் பொருளையோ அதன் புரதத்தையோ வேறு வழியில் தேடவேண்டியிருக்கிறது.

மரபுப் பொருளைத் தேடும் ஆர்டி-பிசிஆர் முறையே இன்றும் உரைகல். வைரஸின் ஆர்என்ஏவை முதலில் டிஎன்ஏவாக மாற்றி, பிறகு சூடும் குளிரும் மாறிமாறிக் கொடுத்து ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குகிறார்கள். 30 சுற்றுகள் முடியும்போது ஒரு படி 107 கோடிப் படிகளாகப் பெருகிவிடும். இதற்கு அடிப்படையான பிசிஆர் முறையைக் கண்டுபிடித்த கேரி முல்லிஸ் 1993-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சார்ஸ்-கோவி-2 வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில் சீனாவில் இருந்து வெளியானது. பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையின் கிறிஸ்டியன் ட்ரோஸ்டன் குழு அதே மாதம் 23-ஆம் தேதி அதற்கான சோதனை முறையைக் கட்டுரையாகவே வெளியிட்டுவிட்டது. புதிய நோய்க்கு இவ்வளவு விரைவில் சோதனை கிடைத்தது அரிய சாதனை. ஆனால் இந்த முறைக்கு வெப்பச் சுழற்சி இயந்திரம் வேண்டும். பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். மாதிரியைக் குளிரில் வைத்து ஆய்வகம்வரை கொண்டுசேர்க்கவேண்டும். இயந்திரத்துக்குள் நடக்கும் வேலை சில மணி நேரம்தான் என்றாலும், தொற்று உச்சத்தில் இருந்தபோது முடிவு கைக்கு வர நாள்கள் ஆயின. தமிழ்நாடு 2020-இல் பெரும்பாலும் ஆர்டி-பிசிஆர் சோதனையையே நம்பி நின்றது. துல்லியத்தைப் பொறுத்தவரை அது சரியான முடிவு. அதற்கு மாநிலம் முழுவதும் ஆய்வகங்களைப் புதிதாகத் திறக்கவேண்டியிருந்தது.

ஆய்வகத்துக்குப் போகாமல், நோயாளி இருக்கும் இடத்திலேயே, சில நிமிடங்களில் விடை தரவேண்டும் என்பதுதான் நானோ உணரிகளின் நோக்கம். நானோ பொருள்கள் இந்த வேலைக்கு ஏன் பொருந்துகின்றன என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால், அதே எடைக்குக் கிடைக்கும் மேற்பரப்பு பத்து மடங்கு கூடும். அந்த அளவுக்கு அதிகமான ஆன்டிபாடிகளை அதன்மேல் ஒட்டவைக்கலாம். அடுத்து, உணரும் பொருளும் வைரஸும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதால், ஒரேயொரு வைரஸ் வந்து உட்கார்ந்தாலும் உணரியின் இயல்பு மாறும். மூன்றாவது காரணம் இயற்பியல் சார்ந்தது: நானோ அளவில் சில பொருள்கள் பெருவடிவில் இல்லாத நிறத்தையும் மின்பண்பையும் பெறுகின்றன. இதற்குத் தங்கத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

1857-இல் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் சொசைட்டியில் ஆற்றிய உரையில், மிக நுண்ணிய தங்கத் துகள்கள் மிதக்கும் நீர் மாணிக்கச் சிவப்பாகத் தெரிவதை விளக்கினார். அவர் தயாரித்த கரைசல்களில் சில இன்றும் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பாதுகாக்கப்படுகின்றன. நிறத்துக்குக் காரணம் தங்கத்தில் கட்டின்றி உலவும் எலக்ட்ரான்கள். துகள் 20 முதல் 40 நானோமீட்டர் அளவில் இருக்கும்போது, அந்த எலக்ட்ரான்கள் மொத்தமாக ஒரே தாளத்தில் ஊசலாடும் அதிர்வெண், பச்சை ஒளியின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போகிறது. சுமார் 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியைத் துகள் உறிஞ்சிக்கொள்ள, எஞ்சியது சிவப்பாகக் கண்ணுக்கு வருகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் உறிஞ்சும் அலைநீளம் கூடி, சிவப்பு ஊதாவாகவும் நீலமாகவும் மாறும்.

இந்தத் துகளைத் தயாரிப்பதும் கடினமல்ல. தங்க உப்பைக் கரைத்த நீரைக் கொதிக்கவைத்து அதில் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்தால், வெளிர்மஞ்சள் கரைசல் சில நிமிடங்களில் சிவந்துவிடும். 1951-இல் ஜான் டர்கெவிச் குழுவினர் விரிவாக ஆராய்ந்து எழுதிய இந்த முறை, சிறு மாறுதல்களோடு இப்போதும் கையாளப்படுகிறது. ஆன்டிபாடிகள் தங்கத்தின் மேற்பரப்பில் எளிதாக ஒட்டிக்கொள்கின்றன. துகள் துருப்பிடிப்பதில்லை, உலர்த்தி வைத்தாலும் நிறம் போவதில்லை. பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம், கண் போதும்.

கோவிட் காலத்தில் வீடுவீடாக நுழைந்த விரைவு ஆன்டிஜன் கிட் இந்தப் பண்புகளின்மேல்தான் நிற்கிறது. மூக்கில் விட்டு எடுத்த குச்சியைச் சிறு குப்பியில் உள்ள கரைசலில் சுழற்றும்போது, கரைசலில் உள்ள சோப்புத் தன்மையுள்ள பொருள் வைரஸின் கொழுப்பு உறையைக் கிழித்து, உள்ளே மரபுப் பொருளைச் சுற்றியிருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்தை வெளியே விடுகிறது. முள்போல் நீண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தைத் தேடாமல் இதைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. ஒரு வைரஸில் நியூக்ளியோகேப்சிட் புரதம் மிக அதிகமாக இருக்கிறது. ஸ்பைக் அளவுக்கு அது அடிக்கடி உருமாறுவதும் இல்லை. சொட்டுச் சொட்டாக விட்ட திரவம் பட்டையில் ஊறி நகர்கிறது. வழியில் ஒரு திண்டில், ஆன்டிபாடி பூசிய தங்கத் துகள்கள் உலர்ந்த நிலையில் காத்திருக்கின்றன. திரவம் பட்டதும் அவை கரைந்து, வைரஸ் புரதத்தைப் பற்றிக்கொண்டு சேர்ந்தே நகர்கின்றன. அடுத்து வரும் நைட்ரோசெல்லுலோஸ் படலத்தில் இரண்டு கோடுகள் கண்ணுக்குத் தெரியாமல் வரையப்பட்டிருக்கும். டி என்று குறித்த சோதனைக் கோட்டில் உள்ள ஆன்டிபாடி வைரஸ் புரதத்தின் வேறொரு இடத்தைப் பற்றும். அதனால் புரதத்தைச் சுமந்துவரும் தங்கத் துகள்கள் அங்கே தேங்கிச் சிவப்புக் கோடாகத் தெரியும். புரதம் இல்லாவிட்டால் துகள்கள் நிற்காமல் கடந்துவிடும். சி என்ற கட்டுப்பாட்டுக் கோடு புரதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் துகள்களைப் பிடித்து, திரவம் ஒழுங்காக ஊறியதா என்பதை மட்டும் சொல்லும். சி கோடு வராத சோதனைக்கு எந்தப் பொருளும் இல்லை. குறித்த நேரத்துக்கு மேல் வைத்திருந்து பார்ப்பதும் தவறு; பட்டை உலரும்போது பொய்க்கோடு தோன்றக்கூடும்.

நானோ உயிரி உணரிகள் குறித்து ஆயிரக்கணக்கில் ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றில் கோடிக்கணக்கான மக்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது இந்த எளிய பட்டைதான். மின்சாரமும் கருவியும் குளிர்பெட்டியும் இல்லாமல் இயங்குவதும், தொழிற்சாலையில் நீண்ட சுருளாகத் தயாரித்து வெட்டிக்கொள்ள முடிவதும் அதற்குக் காரணம்.

தங்கத் துகள் மட்டும் சரியாக இருந்தால் போதாது என்பதை இந்தியா 2020 ஏப்ரலில் கண்டது. அப்போது சீனாவில் இருந்து வாங்கிய விரைவு கிட்டுகள் வைரஸைத் தேடுபவை அல்ல. வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடியை ரத்தத்தில் தேடுபவை. உடல் அதை உருவாக்க ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும் என்பதால் தொற்றின் தொடக்கத்தை அவற்றால் காட்ட முடியாது. அதற்கும் மேலாக, முடிவுகள் இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபட்டன. ஏப்ரல் 27-ஆம் தேதி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவான ஐசிஎம்ஆர் அவற்றைப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. அதன்பின், ஜூனில், மூக்குச் சளியில் வைரஸ் புரதத்தையே தேடும் முதல் ஆன்டிஜன் கிட்டை அது ஏற்றது. ஐசிஎம்ஆர் நடத்திய மதிப்பீட்டில் அந்தக் கிட், தொற்று இல்லாதவர்களை 99.3 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. தொற்று உள்ளவர்களில் 50.6 முதல் 84 சதவீதம் பேரை மட்டுமே பிடித்தது. அதனால்தான் ஆன்டிஜன் சோதனையில் இல்லை என்று வந்தாலும், காய்ச்சலோ இருமலோ இருப்பவர் ஆர்டி-பிசிஆர் செய்துகொள்ளவேண்டும் என்ற விதி வந்தது. 2021 மே மாதம் புனேயைச் சேர்ந்த மைலேப் நிறுவனத்தின் கோவிசெல்ஃப் கிட் வீட்டுச் சோதனைக்கு ஒப்புதல் பெற்றது. அப்போது அதன் விலை 250 ரூபாய்.

உலக அளவிலும் நிலைமை இதுவே. 2021 மார்ச்சில் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வின்படி, ஆன்டிஜன் பட்டைகள் அறிகுறி உள்ள தொற்றாளர்களில் சராசரியாக 72 சதவீதம் பேரையும் அறிகுறி இல்லாதவர்களில் 58 சதவீதம் பேரையும் கண்டுபிடித்தன. பிசிஆர் தேடும் பொருளைப் பெருக்குகிறது, பட்டை பெருக்குவதில்லை. கோடு கண்ணுக்குத் தெரியவேண்டுமானால் மாதிரியில் போதிய அளவு புரதம் இருந்தாக வேண்டும். தொற்றின் முதல் நாளிலும் கடைசி நாள்களிலும் அந்த அளவு இருப்பதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க ஆய்வாளர்கள் பல திசைகளில் முயன்றார்கள். பற்றும் மூலக்கூறை மாற்றுவது ஒரு திசை. ஒட்டகக் குடும்பத்து விலங்குகளின் ரத்தத்தில் வழக்கமானதைவிட எளிய அமைப்புள்ள ஆன்டிபாடிகள் இருப்பதை 1993-இல் பெல்ஜிய விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அவற்றின் நுனிப்பகுதியை மட்டும் பிரித்தெடுத்தது நானோபாடி. எடையில் சாதாரண ஆன்டிபாடியின் பத்தில் ஒரு பங்கு. குறிப்பிட்ட புரதத்தைப் பற்றும்படி தேர்ந்தெடுத்த டிஎன்ஏ, ஆர்என்ஏ இழைகளான ஆப்டமர்கள் 1990-இல் வந்தவை. இவற்றுக்கு விலங்குகள் வேண்டியதில்லை, வேதியியல் முறையில் தொகுத்துவிடலாம்.

புரதத்தை விட்டு மரபுப் பொருளையே தங்கத் துகளால் அறியும் முயற்சியும் நடந்தது. 2020-இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் திபாஞ்சன் பான் குழுவினர், நியூக்ளியோகேப்சிட் மரபணுவோடு இணையக்கூடிய சிறு டிஎன்ஏ இழைகளைத் தங்கத் துகள்களில் கட்டினார்கள். வைரஸின் ஆர்என்ஏ இருந்தால் துகள்கள் அதைச் சுற்றித் திரள, ஊதாக் கரைசல் நீலமாகிறது. பிரித்தெடுத்த ஆர்என்ஏவில் 10 நிமிடத்தில் முடிவு தெரியும் என்று அவர்கள் எழுதினார்கள். மாதிரியில் இருந்து ஆர்என்ஏவைப் பிரித்தெடுப்பது தனி வேலை என்பதை இங்கே மறக்கக்கூடாது. அதே ஆண்டு சூரிக்கில் ஜிங் வாங் குழுவினர் கண்ணாடியின்மேல் நுண்ணிய தங்கத் தீவுகளைப் பதித்து, வைரஸின் ஆர்என்ஏவோடு இணையும் டிஎன்ஏ இழைகளை அவற்றில் கட்டி, ஒளியால் சற்றே சூடாக்கினார்கள். பொருந்தாத இழைகள் அந்தச் சூட்டில் கழன்றுவிடும். சரியாகப் பொருந்திய இழை மட்டும் நிற்கும். 2003-இல் பரவிய சார்ஸ் வைரஸையும் புதியதையும் பிரித்தறிய இது உதவியது.

தில்லியில் உள்ள சிஎஸ்ஐஆர்-ஐஜிஐபி நிறுவனத்தில் தேபஜோதி சக்ரவர்த்தியும் சௌவிக் மைதியும் உருவாக்கிய ஃபெலூடா சோதனை, சத்யஜித் ராய் கதைகளின் துப்பறிவாளர் பெயரைத் தாங்கியது. கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் பயன்படும் காஸ்9 புரதம் வைரஸின் மரபு வரிசையை இனங்காண, பட்டையில் தங்கத் துகள்கள் கோடாக அதைக் காட்டுகின்றன. 2020 செப்டம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் ஒப்புதல் கிடைத்தபோது, உணர்திறன் (தொற்று உள்ளவர்களைப் பிடிக்கும் விகிதம்) 96 சதவீதம், தனித்திறன் (தொற்று இல்லாதவர்களைச் சரியாகச் சொல்லும் விகிதம்) 98 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. விடையைப் படிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஆனால் மரபுப் பொருளைப் பெருக்கும் கட்டத்துக்கு அப்போதும் பிசிஆர் இயந்திரம் தேவைப்பட்டது.

தங்கத்துக்குப் பதில் வேறு துகள்களும் முயலப்படுகின்றன. ஒளிரும் குவாண்டம் புள்ளிகள் பலருக்குத் தெரிந்தவை. அவற்றைக் கண்டறிந்து உருவாக்கிய மூவர் 2023-இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். அதிகம் பேசப்படாதது நானோ வைரம். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ரேச்சல் மெக்கென்ட்ரி குழுவினர் 2020-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையில், பட்டையில் தங்கத்துக்கு மாற்றாக நானோ வைரத்தைப் பயன்படுத்தினால் மிகச் சிறிய அளவையும் உணரும் திறன் ஒரு லட்சம் மடங்கு கூடும் என்று காட்டினார்கள். வைரத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட குறைபாடு ஒளிரும். நுண்ணலையைக் கொண்டு அந்த ஒளியைத் தாளகதியில் ஏற்றி இறக்கினால், பட்டையின் பின்னணி ஒளியில் இருந்து அதை மட்டும் பிரித்தெடுக்கலாம். அவர்கள் எடுத்துக்கொண்டது எச்ஐவி வைரஸ். முறை சுவாச வைரஸ்களுக்கும் பொருந்தும். கண்ணால் பார்க்கும் வசதி இதில் இல்லை, படிப்பதற்குக் கருவி வேண்டும்.

மின்வழி உணரிகள் வேறொரு குடும்பம். குளுக்கோமீட்டரைப் போலவே மின்முனையில் ஆன்டிபாடியைப் பூசி, வைரஸ் புரதம் வந்து ஒட்டும்போது மின்னோட்டம் மாறுவதை அளப்பது இவற்றின் எளிய வடிவம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய விலங்கு உயிரித்தொழில்நுட்ப நிறுவனத்தில் சோனு காந்தி குழுவினர் 2020-இல் உருவாக்கிய கருவி அத்தகையது. ஃப்ளூரின் கலந்த டின் ஆக்சைடு மின்முனைமேல் தங்க நானோ துகள்களைப் பதித்து மின்கடத்தலைக் கூட்டினார்கள். விடை வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை.

இதைவிட நுட்பமானது டிரான்சிஸ்டர் வகை. இந்தத் துறையில் மறக்கமுடியாத சோதனை 2004-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லீபரின் ஆய்வகத்தில் நடந்தது. சுமார் 20 நானோமீட்டர் குறுக்களவுள்ள சிலிக்கான் கம்பியின்மேல் இன்புளுயன்சா ஏ வைரஸுக்கான ஆன்டிபாடியைப் பூசி, அதன்மேல் வைரஸ் கலந்த திரவத்தை ஓடவிட்டார்கள். வைரஸின் மேற்பரப்பில் மின்னூட்டம் இருப்பதால், அது வந்து ஒட்டிய கணத்தில் கம்பியின் கடத்துதிறன் சட்டென மாறியது; விலகியதும் பழைய நிலைக்குத் திரும்பியது. ஒளிரும் சாயம் ஏற்றிய வைரஸை அதே நேரத்தில் நுண்ணோக்கியிலும் கவனித்து, ஒவ்வொரு மின்மாற்றமும் ஒரேயொரு வைரஸால் உண்டானது என்று உறுதிப்படுத்தினார்கள். பக்கத்துக் கம்பியில் அடினோவைரஸுக்கான ஆன்டிபாடியைப் பூசியபோது இரண்டையும் தனித்தனியாக அறிய முடிந்தது.

2004 கிராபீனின் ஆண்டும்கூட. ஆண்ட்ரே கெய்ம், கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் இருவரும் கார்பனின் ஓரணுத் தடிமன் கொண்ட தாளை அவ்வாண்டு விவரித்தார்கள். 2010-இல் நோபல் பெற்றார்கள். கிராபீனில் ஒவ்வொரு அணுவும் மேற்பரப்பில் இருப்பதால், அதன்மேல் வந்து ஒட்டும் எதுவும் மின்னோட்டத்தை மாற்றும். 2020 ஏப்ரலில் தென்கொரியாவின் அடிப்படை அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள், ஸ்பைக் புரதத்துக்கான ஆன்டிபாடியைக் கிராபீனில் இணைத்த டிரான்சிஸ்டரை வெளியிட்டார்கள். உப்புக் கரைசலில் மில்லிலிட்டருக்கு 1 ஃபெம்டோகிராம் ஸ்பைக் புரதத்தைக்கூட அது உணர்ந்தது. ஒரு கிராமைப் பத்துக் கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு ஃபெம்டோகிராம். மூக்கில் எடுத்த மாதிரியை வைக்கும் திரவத்தில் அதே உணரிக்கு 100 ஃபெம்டோகிராம் தேவைப்பட்டது. இந்த நூறு மடங்கு வேறுபாடு கட்டுரையிலேயே இருக்கிறது. இத்துறையின் முதன்மைச் சிக்கலும் அதில்தான் இருக்கிறது.

உடல் திரவங்களில் உப்பு அதிகம். மின்னூட்டம் உள்ள எந்தப் பொருளையும் எதிர் மின்னூட்டம் கொண்ட அயனிகள் சூழ்ந்து அதன் விளைவை மறைத்துவிடும். அந்த விளைவு எட்டும் தூரத்தை டீபை நீளம் என்பார்கள். உடல் திரவத்தில் அது ஒரு நானோமீட்டரைத் தாண்டுவதில்லை. கெட்டிமேளம் கொட்டும் கல்யாண மண்டபத்தில் ஒருவர் பேசுவது காதருகே நிற்பவருக்கு மட்டும் கேட்பதைப் போன்ற நிலை இது. ஆன்டிபாடியின் நீளமோ ஏறத்தாழ 10 நானோமீட்டர். அதன் நுனியில் பிடிபட்ட வைரஸின் மின்னூட்டம் கீழே உள்ள கம்பிக்கு எட்டுவதில்லை. திரவத்தை நூறு மடங்கு நீர்த்தால் டீபை நீளம் 7 நானோமீட்டர் அளவுக்கு நீளும். தேடும் வைரஸும் அதே நூறு மடங்கு நீர்த்துவிடும். குட்டையான நானோபாடிகளையும் ஆப்டமர்களையும் ஆய்வாளர்கள் விரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: பிடிபட்ட பொருள் மேற்பரப்புக்கு அருகில் நிற்கும்.

சளி இன்னொரு தடை. மியூசின் புரதங்கள், நொதிகள், உதிர்ந்த செல்கள், பாக்டீரியாக்கள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. இவை உணரியின்மேல் படிந்து, இல்லாத வைரஸை இருப்பதாகக் காட்டும். அல்லது இருக்கும் வைரஸை நெருங்கவிடாமல் மூடிவிடும். ஆன்டிபாடி இல்லாத இடங்களை அல்புமின் போன்ற புரதத்தால் முன்கூட்டியே அடைத்து இதைக் குறைக்கிறார்கள், முழுவதும் தடுக்க முடிவதில்லை.

மூன்றாவது தடை எளிதில் கண்ணில் படாதது. உணரி சிறியதாக இருக்க இருக்க, திரவத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிதக்கும் மூலக்கூறு தற்செயலாக அலைந்து அதை வந்தடைய எடுக்கும் நேரம் கூடுகிறது. ஒரு ஃபெம்டோமோலார் செறிவு என்றால் ஒரு மைக்ரோலிட்டரில் 600 மூலக்கூறுகள். 2005-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் பால் ஷீஹன், லாயிட் விட்மன் இருவரும் கணக்கிட்டுக் காட்டியபடி, அவ்வளவு குறைந்த செறிவில் நானோ கம்பியின் வேகத்தைத் தீர்மானிப்பது அதன் உணர்திறன் அல்ல, மூலக்கூறு வந்துசேரும் நேரம். காந்த நானோ துகள்கள் இங்கே கைகொடுக்கின்றன. ஆன்டிபாடி பூசிய காந்தத் துகள்களைத் திரவம் முழுவதும் கலந்து தேடவைத்து, பிறகு ஒரு காந்தத்தால் உணரியின்மேல் இழுத்துக் குவிக்கலாம். பெரிய ஆய்வகங்களில் ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும் தானியங்கிகளும் காந்தத் துகள்களைத்தான் நம்பியிருக்கின்றன.

மூக்கில் குச்சி விடாமல் மூச்சுக்காற்றிலேயே தொற்றை அறியும் முயற்சிகளும் பத்தாண்டுக்கு மேலாக நடக்கின்றன. 2012-இல் பெய்ஜிங்கில் மூச்சைக் குளிரவைத்துத் திரட்டிய நீரில் எச்3என்2 இன்புளுயன்சாவை நானோ கம்பியால் கண்டறிந்தார்கள். இஸ்ரேலின் டெக்னியானைச் சேர்ந்த ஹொசாம் ஹைக் வேறு வழியில் போனார்: வைரஸை விட்டுவிட்டு, தொற்றினால் மூச்சில் மாறும் ஆவிப் பொருள்களைத் தங்க நானோ துகள் உணரிகளின் தொகுப்பால் அறிவது. 2020-இல் வூஹானில் 49 கோவிட் நோயாளிகள், 58 நலமானவர்கள், வேறு நுரையீரல் தொற்றுள்ள 33 பேர் ஆகியோரிடம் இது சோதிக்கப்பட்டது. வேறு நோயுள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டது இந்த ஆய்வின் சிறப்பு. நலமானவரையும் கோவிட் நோயாளியையும் பிரிப்பது எளிது. இருமும் இருவரில் யாருக்குக் கோவிட் என்று சொல்வதே மருத்துவருக்குத் தேவை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2023-இல் வெளியான கருவி அறையின் காற்றையே சோதிக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 1,000 லிட்டர் காற்றை இழுத்துச் சுழற்றி, அதில் உள்ள நுண்துளிகளைச் சுவரில் ஓடும் மெல்லிய நீர்ப்படலத்தில் பிடித்து, ஸ்பைக் புரதத்துக்கான நானோபாடி பூசிய மின்முனையிடம் சேர்க்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விடை. அந்த மின்முனை முதலில் அல்சைமர் நோய் ஆராய்ச்சிக்காக, மூளையில் சேரும் அமிலாய்டு புரதத்தை அளக்க உருவானது. பள்ளி வகுப்பறை, மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம் போன்ற இடங்களுக்கு இவ்வகைக் கருவி தனிநபர் சோதனையைவிடப் பயன்படும். யாருக்கு நோய் என்று சொல்லாது, சன்னல்களைத் திறக்கவேண்டிய நேரத்தைச் சொல்லும்.

ஒரு சோதனையை மதிப்பிடும்போது உணர்திறனை மட்டும் பார்த்தால் கணக்குத் தவறும். ஆன்டிஜன் சோதனைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த குறைந்தபட்ச அளவு, உணர்திறன் 80 சதவீதம், தனித்திறன் 97 சதவீதம். நூறில் ஒருவருக்குத் தொற்று உள்ள ஊரில் 10,000 பேரை இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால், தொற்றுள்ள 100 பேரில் 80 பேர் பிடிபடுவார்கள். தொற்று இல்லாத 9,900 பேரில் 297 பேருக்கும் இருக்கிறது என்றே வரும். அதாவது, தொற்று உண்டு என்று சொல்லப்பட்ட 377 பேரில் உண்மையானவர்கள் 80 பேர்தான். தனித்திறனை 99.6 சதவீதமாக உயர்த்தினால் பொய்யாகச் சிக்குபவர்கள் 40 ஆகக் குறைவார்கள். ஃபெம்டோகிராம் அளவில் உணரும் கருவி சளியில் உள்ள வேறு புரதத்துக்கும் அசைந்துகொடுத்தால், அந்தக் கூர்மை நோயாளிக்கு உதவாது. எனவே, புதிய உணரி பற்றிய செய்தியில் மிகச் சிறிய எண்ணைத் தேடுவதைவிட, எத்தனை உண்மையான நோயாளிகளின் மாதிரியில், எந்தெந்த வேறு வைரஸ்களோடு ஒப்பிட்டு அது சோதிக்கப்பட்டது என்று பார்ப்பதே சரி. உப்புக் கரைசலில் புரதத்தைக் கலந்து பெற்ற முடிவோடு நின்றுபோன கட்டுரைகளே இத்துறையில் மிகுதி.

தயாரிப்பும் எளிதல்ல. ஒரு கிராபீன் சில்லும் அடுத்ததும் ஒரே மாதிரி மின்கடத்தவேண்டும்; ஒரு தொகுதியில் செய்த பத்தாயிரம் உணரிகளும் ஒரே விடையைத் தரவேண்டும். ஆன்டிபாடி வெப்பத்தில் கெடும் பொருள். ஆன்டிஜன் கிட்டுகளைப் பொதுவாக 2 முதல் 30 டிகிரி வரையில் வைக்கச் சொல்கிறார்கள். வேலூரிலோ நாக்பூரிலோ மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. வெப்ப நாடுகளுக்கான உணரிகளை அந்தந்த நாட்டு ஆய்வகங்களே வடிவமைப்பது நல்லது என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

இப்போதைக்குப் பொதுமக்கள் கையில் இருப்பது தங்கத் துகள் பட்டைதான்; அதன் குறையைச் சோதனையைத் திரும்பச் செய்வதால் பெருமளவு ஈடுகட்டலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டில் சொன்ன வழிமுறைப்படி, அறிகுறி உள்ளவருக்கு வீட்டுச் சோதனையில் தொற்று இல்லை என்று வந்தால், அவர் 48 மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்கவேண்டும். தொற்றாளரோடு பழகியும் அறிகுறி இல்லாதவர் 48 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று முறை சோதிக்கவேண்டும்.